பன்னிரண்டு டன் குறைத்த ஆர்லீன் குபியாக்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, வோல்ஸ்கா ஊரின் புனித ஹெட்விக் கோயில் நிலவறையில் பெண்கள் நகைகளைக் கழற்றுவார்கள். முதலில் கம்மல், பிறகு கைக்கடிகாரம், பிறகு கல்யாண மோதிரம். விஸ்கான்சின் குளிருக்காக மூன்று அடுக்காகப் போட்டு வந்த கம்பளிச் சட்டைகள் நாற்காலிகளில் குவியும். முடி அலங்காரக் கடை நடத்தும் வெர்னா ஒரு வாரம் பல்செட்டையும் கழற்றிக் காகிதக் கோப்பையில் போட்டுவிட்டு எடைக் கருவியில் ஏறினாள். பத்தில் ஒரு பவுண்டு குறைந்திருந்தது. ஆர்லீன் குபியாக் அதை அட்டையில் எழுதி, "அருமை வெர்னா" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். வெர்னா பல் இல்லாமல் நன்றி சொன்னாள்.

இதற்குப் பெயர் இறகு வட்டம். நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருந்த ஒரு கம்பெனி நடத்தியது. வோல்ஸ்கா கிளைக்கு ஆர்லீன்தான் தலைவி. காலையிலும் பிற்பகலிலும் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுவாள். செவ்வாய் மாலைகளில் ஊரை இளைக்க வைப்பாள். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்வாள். பஸ்ஸில் எந்தக் குழந்தையும் எழுந்து நின்றதில்லை. வட்டத்தில் எந்தப் பெண்ணும் அவள் எதிரில் பிஸ்கட் தின்றதில்லை.

ஆர்லீனின் முதல் பத்தியம் பதின்மூன்றாம் வயதில் தொடங்கியது. கோயிலில் நடக்கும் உறுதிபூசுதல் சடங்குக்குத் தைத்த வெள்ளை உடை இடுப்பில் ஏறவில்லை. உடையைப் பிரித்துத் தைப்பதைவிடப் பெண்ணைக் குறைப்பது சுலபம் என்று அவள் அம்மாவுக்குப் பட்டது. மூன்று வாரம் பம்ப்ளிமாஸ் பழமும் அவித்த முட்டையும். உடை ஏறியது. ஆயர் அவள் நெற்றியில் எண்ணெய் பூசியபோது ஆர்லீனுக்குப் பரிசுத்த ஆவியைப் பற்றி எந்த நினைப்பும் வரவில்லை. அவர் கையில் வெண்ணெய் வாசம் அடிக்கிறது என்று மட்டும் தோன்றியது.

அதற்குப் பிறகு முட்டைக்கோஸ் சூப்பு வந்தது. டப்பா மாவைக் கரைத்துக் குடிப்பது வந்தது. கொழுப்பு கூடாது என்று ஒரு காலமும், மாவு கூடாது என்று ஒரு காலமும் வந்து போயின. மகள் ஜோலீன் பிறந்த மறு வருடம் ஊரில் இறகு வட்டம் திறந்தார்கள். ஆர்லீன் முதல் வாரமே சேர்ந்தாள். பதினான்கு மாதத்தில் ஐம்பத்திரண்டு பவுண்டு குறைந்தாள். கம்பெனி அவளைத் தலைவியாக்கியது. பழைய கால்சட்டையின் ஒரே காலுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு அவள் சிரிக்கும் படம் நிலவறைச் சுவரில் ஏறியது. பக்கத்தில் திருக்குடும்பப் படம் இருந்தது. ஆர்லீனின் படம்தான் பெரியது.

வட்டத்தில் ஒவ்வொரு தின்பண்டத்துக்கும் இத்தனை புள்ளி என்று கணக்கு. ஆர்லீனுக்கு இரண்டாயிரம் பண்டங்களின் புள்ளி மனப்பாடம். துக்க வீட்டில்கூட யாராவது காதோரம் வந்து, "ஆர்லீன், ஹாம் சாண்ட்விச் எவ்வளவு?" என்று கேட்பார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வெண்ணெய் தடவியிருந்தா ஒம்போது" என்பாள்.

கணவர் நார்பர்ட் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் லாரி ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். வீட்டில் அவித்த கோழி வைத்தால் அவித்த கோழி சாப்பிடுவார். பிறகு கார் கொட்டகைக்குப் போய் பனி அள்ளும் மெஷினைப் பழுது பார்ப்பார். அவர் மட்டும் எப்படி இளைக்காமல் இருக்கிறார் என்பது ஆர்லீனுக்குப் புரிந்ததில்லை. ஆண்களின் உடம்பு வேறு மாதிரி என்று விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்துப் பதினேழு செப்டம்பரில் கிளைக்கு இருபத்தைந்து வயதானது. கம்பெனி ஒரு படிவம் அனுப்பியது. தொடங்கிய நாள் முதல் கிளையில் மொத்தம் எத்தனை பவுண்டு குறைந்தது என்று எழுதி அனுப்பினால் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் வரும். ஆர்லீன் ஓர் அட்டையையும் தூக்கிப் போட்டவளில்லை. சமையலறை மேசையில் இருபத்தைந்து வருட அட்டைகளைப் பரப்பிக்கொண்டு நான்கு சாயங்காலம் கூட்டினாள்.

"இருபத்துநாலாயிரத்து முந்நூத்திப் பத்து" என்றாள்.

நார்பர்ட் செய்தித்தாளை இறக்கினார். "பவுண்டா?"

"பவுண்டுதான்."

"பன்னெண்டு டன். என் லாரி ஒரு தடவ ஏத்துற பால் அவ்வளவு இருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "ஊர்ல இருக்கறதே ஆயிரத்து நூறு பேரு. பன்னெண்டு டன் போயிருந்தா தெரிஞ்சிருக்கணுமே."

ஆர்லீன் ஐந்தாம் சாயங்காலம் உட்கார்ந்து, திரும்பி ஏறிய எடையையும் கூட்டினாள். யாரும் கேட்கவில்லை, அவளுக்குப் பாதியில் விடும் பழக்கம் இல்லை. இருபத்துநாலாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு வந்தது. இருமுறை சரிபார்த்தாள். வெர்னா மட்டும் நான்கு தடவை நாற்பது பவுண்டு குறைந்திருந்தாள். சேர்ந்த நாளைவிட இப்போது பதினொன்று அதிகம். ஆக மொத்தம், கிளை இருபத்தைந்து வருடம் உழைத்து முந்நூற்றெண்பது பவுண்டு கூடியிருந்தது.

படிவத்தில் குறைந்ததற்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. அதை நிரப்பி அனுப்பினாள். பத்திரம் வந்தது. விழாவுக்கு எல்லோரும் நல்ல உடை போட்டு வந்து சர்க்கரை இல்லாத ஆரஞ்சுச் சோடா குடித்தார்கள். அதில் புள்ளி இல்லை.

தலைவிகளுக்கு ஒரு விதி உண்டு. மாதத்தின் முதல் செவ்வாய் தங்கள் எடையைக் கம்பெனிக்கு அனுப்பவேண்டும். குறித்த அளவுக்கு மேல் இரண்டு பவுண்டு தாண்டக்கூடாது. ஆர்லீனுக்குக் குறித்தது நூற்று முப்பத்தெட்டு. அக்டோபர் முதல் ஞாயிறு எடை பார்த்தபோது நூற்று நாற்பத்து இரண்டு இருந்தது. அவள் பதறவில்லை. இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஞாயிறு மதியத்திலிருந்து கறுப்புக் காப்பி, சர்க்கரை இல்லாத சூயிங்கம், செலரித் தண்டு. இருபத்துநான்கு வருடமாக மாதாமாதம் இப்படித்தான்.

செவ்வாய் காலை ஏழு இருபதுக்கு, முப்பத்தொரு குழந்தைகளோடு சோளக்கொல்லை நடுவே போய்க்கொண்டிருந்தபோது ஒரு தபால்பெட்டி இரண்டாகத் தெரிந்தது. அடுத்த வீட்டின் தபால்பெட்டியும் இரண்டாகத் தெரிந்தது. ஆர்லீன் ஒழுங்காக ஓரம் கட்டினாள். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டாள், கைப் பிரேக்கை இழுத்தாள், ரேடியோவில், "ஒம்போதாம் நம்பர் வண்டி. எனக்குத் தல சுத்துது. வேற டிரைவர அனுப்புங்க" என்றாள். பிறகு எழுந்து குழந்தைகளைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயாவது சாப்பிட எதாவது இருக்கா?"

முப்பத்தொரு சாப்பாட்டு டப்பாக்கள் ஒரே நேரத்தில் திறந்தன. ஆர்லீன் படியில் உட்கார்ந்து, ஓரம் வெட்டிய ரொட்டியில் கடலை வெண்ணெயும் திராட்சை ஜாமும் தடவியதைச் சாப்பிட்டாள். இரண்டு சீஸ் குச்சி சாப்பிட்டாள். இன்னொரு ஜாம் ரொட்டி, ஒரு கைப்பிடி உப்புப் பிஸ்கட், பொரியும் சர்க்கரைப் பாகும் சேர்த்துப் பிடித்த ஓர் உருண்டை. பஸ்ஸில் சத்தமே இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும், தீயணைப்பு வண்டியைப் பார்த்த மாதிரி, "ஏய், ஆர்லீன் மிஸ் சாப்பிடறாங்கடா!" என்றது.

அவள் கண்ணில் நீர் வந்தது. பல வருடமாக இவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டதில்லை என்று தோன்றியதுதான் காரணம்.

டாக்டர் கடிதம் இல்லாமல் மறுபடி பஸ்ஸைத் தொடக்கூடாது என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார், கிளினிக்கிலேயே இருந்த சாப்பாட்டு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். அவர் பெயர் இங்க்ரிட் டோலெஃப்சன். நாற்பத்தைந்து வயது, உயரம், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் வைத்துவிட்டுத் தேடுகிற ரகம். ஆர்லீன் பேனாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு போனாள். எப்படியும் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதில் தனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்று நினைத்திருந்தாள்.

இங்க்ரிட் பட்டியல் கொடுக்கவில்லை. "உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டார்.

"அவிச்ச கோழி நெஞ்சுக்கறி. மூணு பாயிண்ட்."

"அது பிடிக்குமா?"

"மூணு பாயிண்ட்தான்."

"சரி. மூணு பாயிண்ட். ருசி பிடிக்குமா?"

ஆர்லீன் நோட்டைப் பார்த்தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "அத நான் கவனிச்சதில்ல" என்றாள்.

"கடைசியா எப்ப பசிச்சுது?"

"பசிச்சா தண்ணி குடிப்பேன். பசின்னு தோணறது முக்கால்வாசி தாகம்தான்னு எங்க கையேட்டுல போட்டிருக்கு. நானே வாசிச்சுக் காட்டிருக்கேன்."

"தண்ணி குடிச்சா பசி போயிடுதா?"

"போகாது."

"அப்புறம்?"

"இன்னொரு டம்ளர் குடிப்பேன்."

இங்க்ரிட் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "ஒரு நிமிஷம் இருங்க, எனக்குப் பசிக்குது" என்று இழுப்பறையைத் திறந்து பாதி சாண்ட்விச்சை எடுத்து அங்கேயே சாப்பிட்டார். இன்னும் இரண்டு வாய் மிச்சம் இருக்கும்போது, "போதும்" என்று காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்தார். ஆர்லீன் அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் சாண்ட்விச் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தும் ஒருத்தி அதை மறந்துவிட்டுப் பேசமுடியும் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"இதுதான் விஷயம்" என்றார் இங்க்ரிட். "பசிச்சா சாப்பிடுங்க. பிடிச்சத சாப்பிடுங்க. போதும்னு தோணினா நிறுத்துங்க. இது கூடாதுன்னு எதுவும் கெடையாது."

"எதுவுமே?"

"உங்களுக்கு அலர்ஜி எதுவும் இல்லையே?"

"இல்ல. போதும்னா எத்தன அவுன்ஸ்?"

"அத உங்க வயிறு சொல்லும்."

"என் வயிறு சொல்றதக் கேட்டா நான் இந்தக் கட்டடத்தையே தின்னுடுவேன், மேடம்."

"தின்னு பாத்திருக்கீங்களா?"

"எனக்குத் தைரியம் வந்ததில்ல."

"முதல்ல அப்படித்தான் இருக்கும். நாப்பத்தஞ்சு வருஷம் மூடி வச்சிருக்கீங்க, தெறந்தா கொஞ்ச நாள் கொட்டும். அப்புறம் அடங்கும்."

"எட கொறையுமா?"

"தெரியாது. கூடலாம். அப்படியே நிக்கலாம். கொறைக்கிறேன்னு நான் வாக்குக் குடுக்கமாட்டேன்."

ஆர்லீன் நோட்டை மூடினாள். இப்படிச் சொல்லி ஒரு வட்டம் நடத்தினால் இரண்டாவது செவ்வாய்க்கு ஆள் வராது என்று நினைத்தாள். ஆனால் இதுவரை அவளிடம் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான். அதனால் நம்பலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து நார்பர்ட்டிடம் சொன்னாள். "இனிமே வீட்டுல எல்லாமே இருக்கலாமாம். எதயும் ஒளிக்க வேண்டியதில்லையாம்."

நார்பர்ட் அவளை நெடுநேரம் பார்த்தார். "நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அவர் எழுந்து கார் கொட்டகைக்குப் போனார். தூண்டில் பெட்டியோடு வந்தார். அதில் சாக்லெட் இருந்தது. மறுபடி போய் ஸ்பானர் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் உலர்த்திய சாசேஜ் குச்சிகள். மூன்றாம் முறை, பெயின்ட் டப்பா ஒன்று. உள்ளே ஓட்ஸ் பிஸ்கட், ஒட்டாமல் மெழுகுத்தாள் போட்டு அடுக்கியிருந்தார்.

"எத்தன வருஷமா?" என்றாள் ஆர்லீன்.

"ஜோலீன் நடக்க ஆரம்பிச்சதுலேருந்து."

"அந்தக் குளிர்ல நின்னுக்கிட்டா சாப்பிட்ட?"

"ஒரு ஹீட்டர் வச்சிருக்கேன். நாற்காலி இருக்கு."

"அப்ப பனி அள்ற மெஷினு?"

"அது நல்லாத்தான் ஓடுது" என்றார் நார்பர்ட்.

ஆர்லீனுக்குக் கோபம் வரும் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள். வரவில்லை. ஓர் ஆள் தன் சொந்த வீட்டில் கால்நூற்றாண்டாக ஸ்பானர் பெட்டிக்குள் கையை விட்டுச் சாப்பிட்டிருக்கிறார்; அதைப் புள்ளியில் எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள். நார்பர்ட் எல்லாவற்றையும் அதில் அடுக்கினார். ஒரு வாரம் வரை பழக்கதோஷத்தில் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே போனார்.

இங்க்ரிட் சொன்ன மாதிரியே கொட்டியது. பக்கத்துச் சீஸ் ஆலையில் காலையில் எடுக்கும் புதுச் சீஸ் கட்டிகள், கடித்தால் பல்லுக்கிடையில் கீச்சென்று சத்தம் போடும். ஆர்லீன் அவற்றைப் பதினோரு நாள் தொடர்ந்து சாப்பிட்டாள். மேசையில் உட்கார்ந்து, பையைக் காலி செய்து, பயந்துபோய் இங்க்ரிட்டுக்குப் போன் செய்வாள். இங்க்ரிட், "நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்பார். பன்னிரண்டாம் நாள் பாதிப் பையில் கை நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு, யாராவது தடுத்தார்களா என்று பார்ப்பதுபோலச் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. மீதியைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். மறுநாள் மத்தியானம்வரை அது ஞாபகத்துக்கே வரவில்லை.

இன்னும் சில விஷயங்கள் தெரியவந்தன. முப்பது வருடமாகக் காலையில் தின்றுவந்த கொழுப்பில்லாத பன்னீர் அவளுக்குப் பிடிக்காது. எப்போதுமே பிடித்ததில்லை. அதைவிட ஆச்சரியம், கேக்கின் மேல் பூசும் வெள்ளைச் சர்க்கரைக் குழம்பும் பிடிக்கவில்லை. நாற்பது வருடமாக எத்தனையோ பிறந்தநாள் வீடுகளில் அதைப் பார்த்து எச்சில் விழுங்கியிருக்கிறாள். ஒரு முழுக் கேக் வாங்கிவந்து இரண்டு துண்டு சாப்பிட்டதும், "பல் வெளக்குற பேஸ்ட்டு மாதிரி இருக்கு" என்று முட்கரண்டியை வைத்துவிட்டாள். நார்பர்ட் மீதியைக் கவனித்துக்கொண்டார். அவளுக்கு உண்மையில் பிடித்தது, ரை மாவு ரொட்டியில் ஈரல் சாசேஜைத் தடவி மேலே பச்சை வெங்காயத்தை வட்டமாக நறுக்கி வைத்ததுதான். ஐம்பத்தெட்டு வயதில் அது தெரிந்தது. டாக்டர் கடிதம் கிடைத்ததும் அந்த வெங்காய வாசத்தோடு மறுபடி பஸ் ஓட்டினாள். குழந்தைகள் முன்வரிசையைத் தவிர்த்தார்கள்.

அக்டோபர் முதலே, உடம்பு சரியில்லை என்று எழுதிக் கம்பெனிக்கு எடை அனுப்பாமல் தள்ளிப்போட்டு வந்தாள். செவ்வாய்க் கூட்டங்களை மட்டும் நடத்தினாள். ஜனவரி வந்தது. ஜனவரியில்தான் வட்டத்துக்குக் கூட்டம் அதிகம்; கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குப் பிராயச்சித்தம் தேடி அறுபத்துநான்கு பேர் நிலவறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்லீன் யாரையும் அழைக்காமல் தானே முதலில் எடைக் கருவியில் ஏறினாள். பனி பூட்சோடு, கோட்டோடு, கம்மலோடு.

"நூத்தி அறுபத்தாறு" என்று படித்தாள். "பூட்ஸ் ஒரு அஞ்சு இருக்கும்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இதில் ஏதோ பாடம் இருக்கிறது என்று நினைத்தார்கள்.

"இருபத்தஞ்சு வருஷத்துல இந்த ரூம்ல பன்னெண்டு டன் கொறைச்சிருக்கோம். பத்திரம் அங்க மாட்டியிருக்கு. நான் உங்ககிட்ட சொல்லாதது என்னன்னா, பன்னெண்டு டன்னும் திரும்பி வந்துடுச்சு. மேல ஒரு முந்நூத்தி எம்பது பவுண்டோட. நான் கூட்டிப் பாத்தேன். நீங்க சரியா செய்யலன்னு நான் நெனச்சேன். நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்க. அறுபது பேரு, இருபத்தஞ்சு வருஷம், ஒருத்தராவது சரியா செஞ்சிருக்கமாட்டாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை இப்போது.

"மாசாமாசம் மூணு நாள் பட்டினி கெடந்துதான் நான் அந்த நம்பர்ல நின்னேன். போன அக்டோபர்ல அப்படியே பஸ் ஓட்டினேன். பின்னாடி முப்பத்தியொரு கொழந்தைங்க இருந்தாங்க. ஒண்ணும் ஆகல. ஆகியிருக்கலாம். அதனால நான் இத விடறேன். இப்பல்லாம் பசிச்சா சாப்பிடறேன், ஈரல் சாசேஜ்கூட. நீங்க விடணும்னு சொல்லல. எனக்கு இதுல நம்பிக்க இல்லன்னு தெரிஞ்சப்புறம் உங்க அட்டையில எழுத எனக்குக் கை வராது."

வெர்னா எழுந்தாள். அறுபத்தாறு வயது, கம்மலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"என் பொண்ணு கல்யாணத்துல நான் கேக் சாப்பிடல" என்றாள். "ஞாபகம் இருக்கா? ஒனக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ஒரு துண்டுதான் ஆர்லீன், என் பொண்ணே கையால வெட்டிக் குடுக்கப்போறான்னேன். பதினாலு பாயிண்ட், நீயே முடிவு பண்ணிக்கோன்னே."

"ஞாபகம் இருக்கு."

"அவ தட்ட நீட்டிக்கிட்டு நின்னா. போட்டோல இருக்கு. நான் கைய இப்படிக் காட்டி வேணாங்கறேன். அதான் ஆல்பத்துல மொதப் படம்." வெர்னாவின் குரல் ஏறவில்லை. "இப்ப வந்து ஈரல் சாசேஜ் சாப்பிடறேங்கற."

ஆர்லீனுக்கு எல்லாக் கேள்விக்கும் கையேட்டில் பதில் இருந்து பழக்கம். இதற்கு இல்லை. "நான் தப்பு பண்ணிட்டேன், வெர்னா" என்றாள்.

"அத வச்சு நான் என்ன பண்ண?" என்று கேட்டுவிட்டு வெர்னா உட்கார்ந்து, கம்மலை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டாள். மாட்ட நெடுநேரம் ஆனது. 

கம்பெனியிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. எடைக் கருவி, பதாகை, பத்திரம் மூன்றையும் திருப்பி அனுப்பவேண்டும். ஒற்றைக் கால்சட்டைக்குள் நிற்கும் படம் கம்பெனியின் சொத்து. அதைத் தொடர்ந்து பயன்படுத்துவார்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டித் தபாலில் சேர்த்தாள். பக்கத்து ஊரிலிருந்து புதுத் தலைவி வந்தாள். சேர்ந்தவர்களில் இருபது பேர் நின்றார்கள், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். வெர்னாவும் தொடர்ந்தாள். நின்ற இருபது பேரில் ஆறு பேர் வேறு கம்பெனியில் சேர்ந்ததாகக் கேள்வி.

ஊரில் பேச்சு இருந்தது. ஆர்லீனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள் சிலர். கடையில் அவள் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு அவளும் நார்பர்ட்டும் மதுக்கடைக்குப் போனால் சுற்றியுள்ள மேசைகள் அவள் தட்டையே எண்ணிக்கொண்டிருக்கும். அவள் மீனை முழுதும் தின்பாள், உருளைக்கிழங்கில் பாதி வைப்பாள், கோஸ் கலவையைத் தொடமாட்டாள். சில வாரம் உருளைக்கிழங்கு முழுதும் போகும். இதில் எந்த விதியும் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு வருடம் ஆனது. அதோடு சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

எடை இன்னும் கொஞ்சம் ஏறி, ஓர் இடத்தில் நின்றது. எந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது. கிளினிக்கில் எண்ணுக்கு முதுகைக் காட்டி ஏறுவாள். இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. டாக்டர் முட்டிக்கு மட்டும் மாத்திரை எழுதினார். எல்லாம் நல்லபடியாகவே போனது என்றும் சொல்லமுடியாது. சில காலைகளில் கண்ணாடி முன் நின்று, பட்டாணி சூப்புக்கு எத்தனை புள்ளி என்று வாய் தானாகச் சொல்லும். பழைய உடைகளைக் கொடுக்க மனம் வராமல் ஒரு கோடைக்காலம் முழுக்க வைத்திருந்தாள்.

ஏப்ரலில் முடி வெட்டிக்கொள்ள வெர்னாவிடமே போகவேண்டியிருந்தது. ஊரில் வேறு கடை இல்லை. வெர்னா ஒரு வார்த்தை பேசாமல், சொன்னதைவிட ஒரு விரற்கடை அதிகமாக வெட்டினாள். கழுத்தில் ஒட்டிய முடியைத் தூரிகையால் தட்டும்போதுதான் கேட்டாள்.

"நெஜமாவே ஒனக்குத் தெரியுதா, பசிக்குதுன்னு?"

"சில நாள் தெரியும்."

"எப்படி இருக்கும்?"

ஆர்லீன் யோசித்தாள். "பக்கத்து ரூம்லேருந்து யாரோ மெதுவா கூப்பிடற மாதிரி. கத்தறவரைக்கும் விட்டா அப்புறம் எதுவும் கேக்காது."

"எனக்கு அந்த ரூம்ல ஆளே கெடையாது" என்றாள் வெர்னா. துண்டை உதறினாள். "அடுத்த தடவ முன்னாலயே போன் பண்ணிட்டு வா. சனிக்கிழம கூட்டமா இருக்கும்." அவ்வளவுதான். அதற்குமேல் எப்போதும் அவர்கள் இதைப் பற்றிப் பேசவில்லை.

மகள் ஜோலீன் மினியாப்பொலிஸில் வேலை பார்த்தாள். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு வருடாவருடம் வருவாள். வான்கோழியில் இரண்டு துண்டு எடுத்துக்கொள்வாள், தலைவலி என்று எழுந்துவிடுவாள், திரும்பும் வழியில் எங்கோ நிறுத்திச் சாப்பிடுவாள். இது நார்பர்ட்டுக்குத் தெரியும். ஆர்லீனுக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

அந்த வருடம் மேசையில் எல்லாம் இருந்தது. வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, சாசேஜ் அடைத்த வான்கோழி, வெங்காயம் வதக்கிய கொழுக்கட்டை, மசித்த பூசணியை மாவில் வைத்துச் சுட்ட பூசணிப் பை இரண்டு. அம்மா மாறிவிட்டதாக அப்பா போனில் சொல்லியிருந்தார், ஜோலீன் நம்பவில்லை. தட்டை எடுத்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டே நிரப்பினாள். உருளைக்கிழங்கை மூன்றாம் கரண்டி போட்டாள். நான்காவது கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, ஒண்ணும் சொல்லலையா?"

"உப்பு போதுமான்னு சொல்லு. எனக்குக் கொறைச்சலாத் தோணுது."

ஜோலீன் கரண்டியைத் தட்டென்று வைத்தாள். "ஒம்போது வயசுல என்னத் தூக்கிச் சமையல்கட்டு மேடையில ஒக்காரவச்சு, இடுப்பச் சுத்தி டேப்பு புடிச்ச. பொறந்தநாளுக்கு வந்த பிள்ளைங்க எல்லாம் வெளிய நின்னுட்டிருந்தாங்க. இப்ப உப்பு போதுமாங்கற."

நார்பர்ட் வான்கோழியை அறுப்பதை நிறுத்தவில்லை. தேவைக்கு மேலேயே அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றாள் ஆர்லீன். "செஞ்சேன். எங்கம்மா எனக்குச் செஞ்சா, அதனாலன்னு சொல்ல வரல. அப்ப எனக்கு முப்பத்தொம்போது... இல்ல, நாப்பத்தியொண்ணு. யோசிக்கத் தெரிஞ்ச வயசுதான். யோசிக்கல."

ஜோலீன் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள்; ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தவில்லை. ஆர்லீன் உப்புக் குப்பியை அவள் பக்கம் நகர்த்தினாள். ஜோலீன் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நார்பர்ட், "கொழுக்கட்ட நல்லா வந்திருக்கு" என்றார். அது உண்மைதான்.

மறுநாள் மதியம் ஜோலீன் கிளம்பும்போது பூசணிப் பை ஒன்றை அப்படியே தகரத் தட்டோடு எடுத்துக்கொண்டு போனாள். யாரும் கொடுக்கவில்லை; அவளாக எடுத்தாள். கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. காரின் பின்னிருக்கையில் வைத்துச் சீட் பெல்ட்டை அதற்குப் போட்டாள்.

நான்கு மணிக்கு ஆர்லீனுக்குப் போன் வந்தது.

"பூசணிப் பைய ஆரம்பிச்சுட்டேன்" என்றாள் ஜோலீன். "பாதி போயிடுச்சு."

"எங்க இருக்க?"

"நெடுஞ்சாலையில."

"ஓட்டிக்கிட்டேவா சாப்பிடற?"

"பெட்ரோல் பங்க்ல நிறுத்தியிருக்கேன்மா."

"அப்ப சரி" என்றாள் ஆர்லீன். "பனி கொட்டப்போகுதாம். மெதுவாப் போ."